பின்னால் வருகிறவளின் டயர்

கைலாஷ் தன் சைக்கிளின் முன் டயரைக் கழற்றி மனைவியின் சைக்கிளில் மாட்டியபோது, திவ்யலட்சுமி அதை அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த டயரைப் பற்றி அவன் பேசிக் கேட்ட யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வெளிநாட்டு டயர். கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆரியசாலையில் குடும்பத்துப் பாத்திரக்கடையின் கிடங்குக்கு மேலே இருந்தது அவர்கள் வீடு. அங்கே கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அவன் சைக்கிளை யாரும் தொடக்கூடாது. மழைக்காலத்தில் ஒருமுறை அவன் அம்மா செல்லபாய் இடமில்லாமல் அதன் ஹேண்டிலில் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டாள் என்று அன்று முழுக்க அவன் யாரோடும் பேசவில்லை.

"உன் டயர் கட்டை மாதிரி கெடக்கு. என்னோடதை மாட்டித் தாறேன். எனக்குப் புதுசு வரவழைச்சிருக்கேன்," என்றான்.

"அது உங்களுக்குப் பிடிச்ச டயர்லா?"

"அதனால என்ன? நீ ஓட்டு."

மறுநாள் மதியம் அவனுக்குப் பிடித்த உளுந்தஞ்சோறு ஆக்கினாள். எள்ளுத்துவையலை அம்மியில் வைத்தே அரைத்தாள். செல்லபாய்கூட, "என்ன விசேஷம்?" என்று கேட்டாள். திவ்யா சிரித்துக்கொண்டே பரிமாறினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனுடைய ஒரு பொருள் அவளுக்கென்று வந்தது அதுதான் முதல் தடவை.

சைக்கிள் கிளப்பில் அவளைச் சேர்த்துவிட்டவனும் கைலாஷ்தான். அவனுக்குச் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவள் புளிமூட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈஞ்சக்கலில் கூடி பைபாஸில் கோவளம் வழியாகத் தெற்கே போய்த் திரும்புவது கிளப்பின் வழக்கம். வேகமாகப் போகிறவர்கள் ஒரு கூட்டம், நிதானமாக வருகிறவர்கள் ஒரு கூட்டம். முன்கூட்டத்துக்குத் தலைவன் கைலாஷ். பின்கூட்டத்தில் வலியசாலைக்காரர் வெங்கடசுப்ரமணியன் வருவார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் தலைவரும் அவர்தான். அவரோடு பேசிக்கொண்டு திவ்யா வருவாள். டீக்கடையில் முன்கூட்டம் குடித்து முடித்து, போன் பார்த்துச் சலித்து உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் போய்ச் சேருவார்கள்.

"வந்தாச்சா? நாங்க இன்னொரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு பாத்தோம்," என்பான் கைலாஷ். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

சிரித்துச் சிரித்துத்தான் அவளுக்கு அந்த வைராக்கியம் வந்தது. ராத்திரி அமெரிக்காக்காரர்களோடு பேசிவிட்டு கைலாஷ் வேலைநாட்களில் நேரம் கழித்துத்தான் எழுவான். அவன் எழுவதற்குள் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடப்பனக்குன்னு ஏற்றத்துக்குப் போய்விடுவாள். முதலில் பாதியிலேயே இறங்கித் தள்ளினாள். பிறகு இறங்காமல் ஏறினாள். அப்புறம் ஏறிய கையோடு இறங்கி மறுபடியும் ஏறினாள். காலையில் பால் வாங்கப் போகிறேன் என்பாள். பாலும் வாங்கிக்கொண்டுதான் வருவாள். நாலைந்து மாதம் இப்படிப் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

டயர் மாற்றியதற்கு அடுத்த ஞாயிறு. கைலாஷே அவள் சைக்கிளுக்கும் சேர்த்துக் காற்றடித்தான். ஈஞ்சக்கலில் எல்லோரும் புறப்பட்டபோது அவள் வெங்கடசுப்ரமணியனிடம், "இன்னைக்கு முன்னால போய்ப் பாக்கேன் சார்," என்றாள்.

"பேஷா போ. எனக்குத்தான் பேச்சுத்துணை இல்லாமப் போயிடும்," என்றார் அவர்.

முன்கூட்டத்தில் அவளைத் தவிர இன்னொரு பெண் கிருஷ்ணவேணி. அவளுடைய கணவன் கைலாஷின் கம்பெனியில் அவனுக்குக் கீழே வேலை பார்த்தான். கிருஷ்ணவேணியின் பின்சக்கரத்தை ஒட்டியே போனாள் திவ்யா. கோவளம் வந்தது. முக்கோலை தாண்டி கான்கிரீட் சாலை தொடங்கியது. அவள் இன்னும் கூட்டத்தோடுதான் இருந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் திணறவில்லை. கிருஷ்ணவேணி திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "அடிபொளி! எங்கருந்துடீ வந்த நீ?"

அந்தச் சத்தத்தைக் கேட்டு, முன்னால் போன கைலாஷும் திரும்பினான். திவ்யா அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் சிரிப்பான், கட்டைவிரலை உயர்த்துவான் என்று இத்தனை மாதமும் நினைத்து வைத்திருந்தாள். அவன் புருவத்தைச் சுருக்கி ஒரு கணம் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பிக் குனிந்து வேகத்தைக் கூட்டினான்.

கூட்டம் இழுபட்டு நீண்டது. இரண்டு பேர் பின்தங்கினார்கள். அவள் தங்கவில்லை. அடுத்து ஒரு நீண்ட இறக்கம். காற்று காதில் இரைந்தது. கான்கிரீட்டின் இணைப்புகளில் சக்கரம் தடக் தடக்கென்று ஏறி இறங்கியது. ஹேண்டிலில் இருந்த மீட்டரில் ஐம்பதைத் தாண்டி எண் ஓடுவதைப் பார்த்தாள். அதற்குமுன் அவ்வளவு வேகத்தில் அவள் போனதே இல்லை. பயம் இருந்தது. பயத்துக்கு மேலே சந்தோஷமும் இருந்தது.

முன்சக்கரத்தில் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. ஹேண்டில் அவள் கையை விட்டுத் தானாகத் திரும்பியது. அவள் நினைவில் இருப்பது அவ்வளவுதான்.

*

ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. அது இல்லையென்றால் தலை பிளந்திருக்கும் என்றார் டாக்டர். இடது தோள் எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். முன்பல் இரண்டு போனது. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் விரிசல். இடது காதில் கொஞ்ச நாள் இரைச்சல் இருந்தது. பிறகு இரைச்சலும் நின்று ஒன்றுமே கேட்காமல் ஆனது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது.

"நடக்கறது சரியாயிடும். காது திரும்பாது. சைக்கிளை மறந்துடுங்க," என்றார் டாக்டர். அவர் சொன்னதைச் சரியாகக் கேட்பதற்காகத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது அவளுக்கு.

கைலாஷ் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தான். ரசஞ்சாதம் கரைத்து ஸ்பூனில் ஊட்டினான். கை தூக்க முடியாதவளுக்குத் தலை வாரிவிட்டான்; முதலில் கோணல்மாணலாக, பிறகு ஒழுங்காகவே பின்னக் கற்றுக்கொண்டான். பார்க்க வந்த கிளப்காரர்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?" என்றாள் ஒருத்தி. திவ்யாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த இறக்கத்துக்கு முன் அவன் பார்த்த பார்வையை நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

டயர் வெடித்தது விதி என்றார்கள். ரோட்டில் ஏதாவது கம்பி கிடந்திருக்கும் என்றார்கள். அனுபவம் இல்லாமல் இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்திருப்பாள் என்றும் ஒருவர் சொன்னார். அதை மட்டும் அவள் மறுத்தாள். "நான் பிரேக்கைத் தொடவே இல்ல," என்றாள். அவர் தலையாட்டிவிட்டு ஆப்பிளை மேஜைமேல் வைத்தார்.

அவள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஜினு போன் செய்தான். அட்டக்குளங்கரையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். கிளப்பில் எல்லோரும் சைக்கிள் வாங்குவதும் பழுதுபார்ப்பதும் அவனிடம்தான். அவள் சைக்கிள் அன்றிலிருந்து அவன் கடையில் கிடந்தது.

"சேச்சி, ஸ்தலம் இல்ல. சரியாக்கணுமா, வில்க்கணுமா?"

இனி தனக்கு ஆகாது, விற்றுவிடலாம் என்று சொல்ல நேரிலேயே போனாள். கடைசியாக ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம் என்றும் இருந்தது. சைக்கிள் ஓரமாகச் சாய்ந்து நின்றது. முன்சக்கரம் வளைந்து, அதில் டயர் கிழிந்த வாயோடு தொங்கியது. அவள் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்பக்கம், அந்தக் கிழிசலுக்கு நேராக, வேறு ஒரு டயரிலிருந்து வெட்டிய கறுப்புத் துண்டு பாதி ஒட்டியும் பாதி பெயர்ந்தும் கிடந்தது.

"இது என்ன ஜினு?"

ஜினு வேறு ஒரு சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் செயினைக் கீழே வைத்தான்.

"சொல்லு."

"கைலாஷேட்டன் பாலராமபுரம் போன அன்னைக்கு தகரத்துல கேறி சைடு கிழிஞ்சு வந்நு. வீடு வரைக்கும் போகட்டேன்னு ஞான் உள்ள ஒட்டுப் போட்டதாக்கும். ஸ்பீடுல போகப் பாடில்ல, களஞ்ஞேக்கு, தூக்கிப் போட்டுடுங்கன்னு அப்பவே பறஞ்ஞு." அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வந்தது. "சேச்சியோட சைக்கிள்ல எப்படி வந்நு? கடையில வச்சு மாட்டினதில்ல. ஞான் நினைச்சது ஏட்டன் அதைத் தூக்கிப் போட்டுட்டார்னு."

வீட்டில் புது டயர் மாட்டியவன் கைலாஷ். பழையதை அவளுடைய சைக்கிளில் மாட்டியவனும் அவனே. கடையின் நடுவில் நின்றபடி அதை அவள் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றித் தரச் சொல்லி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

கைலாஷ் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்வரை காத்திருந்தாள். பிறகு டயரை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல கிழிசல் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் டயரைப் பார்த்தான். ஏன் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தாய் என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"சின்ன கீறல்தான். ஜினு ஒட்டுப் போட்டுத் தந்தான்."

"ஸ்பீடா போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"ஆமா. அதான் உன் சைக்கிள்ல மாட்டினேன்."

அவன் அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னான். அவளுக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. வலது காதை அவன் பக்கம் திருப்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"நீ என்னைக்கு ஸ்பீடா போயிருக்க? வெங்கடசுப்ரமணியன் சார்கூடக் கதை பேசிக்கிட்டு உருட்டிக்கிட்டு வருவே. அதுக்கு அந்த டயர் தாராளம். இன்னும் ஆறு மாசம் ஓடியிருக்கும். வெலகூடின டயர், வெறுதே தூக்கிப் போட மனசு வரல்ல. அன்னைக்கு உன்னை யாரு அம்பதுல போகச் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நல்ல டயர்னு சொல்லித் தந்தீங்க."

"நல்ல டயர்தான். அதுக்குத் தகுந்த மாதிரி ஓட்டணும்லா."

"நான் முன்னால வந்ததைத் திரும்பிப் பாத்தீங்களே. அப்ப டயர் ஞாபகம் வரல்லியா?"

அவன் டவலை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அவள் அந்தக் கேள்வியை இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். "ஞாபகம் வந்துது. நீயே பின்தங்கிருவேன்னு நினைச்சேன்," என்றான். ஒரு குரல் கொடுத்தால் போதுமாக இருந்ததே என்று கேட்டாள். "எல்லாரும் போயிட்டிருக்கும்போது எப்படி நிறுத்துறது?" என்றான். அதற்கு மேல் அவனிடம் கேட்க அவளுக்கு எதுவும் இருக்கவில்லை.

செல்லபாயிடம் சொன்னாள். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எப்போதும் மறந்துபோய் திவ்யாவின் இடது பக்கமே உட்கார்ந்து பேசுவாள்.

"தெரிஞ்சு செய்வானாம்மா எம் பிள்ளை? ஆஸ்பத்திரியில உன்னை எப்படித் தாங்கினான்! பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுத மாதிரில்லா ஊட்டினான். அதையெல்லாம் மறந்துட்டு ஒரு டயரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கே."

"தெரிஞ்சேதான் செஞ்சார் அத்தை. அவரே சொன்னார்."

"ஆம்பிளை கோவத்துல எதாவது சொல்லுவான்," என்றாள் செல்லபாய்.

*

அந்த மாதக் கடைசியில் கிளப்பில் ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். வேகமாக ஓட்டுகிறவர்கள் டயரை எப்படிக் கவனிப்பது என்பதைப் பற்றி. நடத்துகிறவன் கைலாஷ். ஜினு கடை மாடியில், சனிக்கிழமை சாயங்காலம். திவ்யாவையும் கூட்டிப் போனான். அவள் வருவது நல்லதாக இருக்கும் என்று வெங்கடசுப்ரமணியன் சொன்னாராம். கைப்பையோடு அந்தத் துணிப்பையையும் அவள் எடுத்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை.

கைலாஷ் நன்றாகப் பேசினான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காற்று எவ்வளவு, எடைக்குத் தக்கபடி எப்படிக் கூட்டிக் குறைப்பது, ரிம்மில் அச்சிட்டிருக்கும் அளவை ஏன் மீறக்கூடாது என்றெல்லாம் விளக்கினான். ஒவ்வொரு தடவை புறப்படும் முன்னும் டயரைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கவாட்டுல வெட்டு விழுந்தா ஒட்டுப் போட்டு ஓட்டாதீங்க. வீட்டுக்கு வந்து சேரத்தான் அந்த ஒட்டு. அப்புறம் தூக்கிப் போட்டுடணும். என் குடும்பத்துல நடந்தது வேற யாருக்கும் நடக்கக்கூடாது," என்றான். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

திவ்யா எழுந்து நின்றாள். தலை சுற்றியது. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒட்டுப் போட்ட டயர் இவரோடது. தூக்கிப் போடணும்னு தெரிஞ்சே என் சைக்கிள்ல மாட்டினார். நான் மெதுவா வர்றவ, எனக்கு அது போதும்னு மாட்டினார்." பையிலிருந்து டயரை எடுத்து நீட்டினாள். "பாருங்க."

டயர் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் அந்தக் கிழிசலைப் பார்த்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கைலாஷ் பதறவில்லை. முன்னால் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"தலையில அடிபட்டதுலருந்து இப்படித்தான். டாக்டர் சொல்லியிருக்கார், கோவம் வரும், ஒண்ணை இன்னொண்ணா மாத்தி யோசிக்கும்னு. நாம பொறுத்துக்கணும்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவு கனிவாகச் சொன்னான்.

"ஜினு இருக்கானே, அவங்கிட்ட கேளுங்க," என்றாள் திவ்யா. "ஜினு, நீ என்ன சொன்னே அன்னைக்கு?"

ஜினு மாடிப்படி வாசலில் டீத் தட்டோடு நின்றான். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அவனிடம் சைக்கிள் வாங்கியவர்கள். அவர்களைக் கூட்டி வந்தவன் கைலாஷ். ஜினு கைலாஷைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான்.

"எத்தனையோ டயர் வருது சேச்சி. எனிக்கு ஞாபகமில்ல."

வெங்கடசுப்ரமணியன் எழுந்தார். "இதெல்லாம் ஆத்துல பேசிக்கற விஷயம்மா. எல்லாரும் இருக்கா. நீ உக்காரு, கொஞ்சம் ஜலம் குடி," என்றார். அவருக்கு அவள்மேல் பிரியம் உண்டு. அதனால்தான் அந்தச் சொல் அவளுக்கு ஜினு சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

அவள் உட்காரவில்லை. டயர் யார் கையில் இருந்தது என்றுகூடப் பார்க்காமல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். ஓர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்த் துணிமணிகளை எடுத்து வைத்தாள்.

கரமனையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து ஒருநாள் முழுக்க நல்லபடியாகப் பேசிப் பார்த்தார். மறுநாள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினார். கைலாஷ் இரண்டுமுறை வந்தான். "நான் என்ன உன்னை அடிச்சேனா, குடிச்சேனா?" என்று கேட்டான். அவன் உண்மையிலேயே பதில் தெரியாமல்தான் கேட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது. சொந்தக்காரர்கள் நடுவில் அவளுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் துணி எடுக்கப் போனபோது பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "சைக்கிள் டயருக்காகப் புருஷனை விட்டவ இவதான்." நல்ல காதின் பக்கம் நின்று சொன்னதால் கேட்டது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணவேணி வந்தாள். காலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு அதே உடையோடு வந்திருந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். சுற்றி வளைத்து எதையெதையோ பேசினாள். டீயை ஆற்றிக்கொண்டே கடைசியில் சொன்னாள்:

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டீ. அன்னைக்கு நீ இறங்கிப் போன பொறவு யாரும் ஒண்ணும் பேசல்ல. ஆனா அடுத்த வாரமே எல்லாரும் டயர் மாத்திட்டாங்க. நானும் மாத்திட்டேன். வெங்கடசுப்ரமணியன் சார்கூட மாத்தினார். ஜினு கடையில ஸ்டாக்கே தீந்துபோச்சு. எனக்குப் பின்சக்கரத்துல ஒரு வெட்டு இருந்திருக்கு, தெரியவே இல்ல. உன்னாலதான் பாத்தேன்."

திவ்யா பழப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நீ சொன்னதை நாங்க நம்பினோம்டீ. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"எப்ப நம்பினீங்க?"

"அப்பவேதான்."

"அப்பவே எந்திரிச்சு சொல்லியிருக்கலாமே."

கிருஷ்ணவேணி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவருக்கு இந்த வருஷம் ப்ரமோஷன்," என்றாள் தன் கணவனைப் பற்றி. "கைலாஷ் சார் கையிலதான் இருக்கு. நீ புரிஞ்சுக்குவே."

"புரியுது."

"கோவமா?"

"டீ ஆறிப்போச்சு. சூடாக்கித் தரட்டா?"

வேண்டாம், நேரமாகிவிட்டது என்றாள் கிருஷ்ணவேணி. திவ்யா வாசல்வரை வந்தாள். கிருஷ்ணவேணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, குனிந்து இரண்டு டயரையும் விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். பிறகு ஏறிப் போனாள். திவ்யா கதவைச் சாத்தினாள். கிருஷ்ணவேணி கொண்டுவந்த பழப்பையை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.